உள்ளூர்க் கணிப்பொறி வலையமைப்பில் பெயரிடும் முறை

(அலுவலர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

ஓர் அலுவலகத்தில் பத்துக் கணிப்பொறிகளும் ஓர் அச்சுப்பொறியும் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். இயந்திரங்கள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. இன்று 192.168.1.20 என்றிருக்கும் அச்சுப்பொறியின் எண், மின்தடைக்குப் பின் 192.168.1.34 என மாறிவிடக் கூடும். பழைய எண்ணைக் குறித்து வைத்திருந்த எழுத்தரின் பணி அத்துடன் நின்றுவிடும். எண் மாறினாலும் பெயர் மாறாதிருத்தல் வேண்டும் என்பதே பெயரிடும் முறையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் அடங்கியிருந்தன. கணிப்பொறிகள் பெருகவே, அப்பட்டியலைப் பராமரிப்பது இயலாததாயிற்று. பெயர்ப் பொறுப்பைப் பலருக்கும் பகிர்ந்தளிக்கும் டி.என்.எஸ். முறையை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். இணையம் இன்றும் இம்முறையையே சார்ந்துள்ளது.

ஆனால், இதற்குத் தனிச் சர்வரும் அதனைப் பேண ஓர் ஊழியரும் தேவை. சிற்றூர்ப் பள்ளிக்கோ சிறிய கூட்டுறவுச் சங்கத்துக்கோ இவ்வசதி எளிதில் கிட்டுவதில்லை. இக்குறையைப் போக்குவது எம்.டி.என்.எஸ். முறை. இதன் விதிகள் 2013-இல் ஆவணமாக வெளியிடப்பட்டன. புதிதாக இணையும் கருவி தான் விரும்பும் பெயரைச் சொல்லி, ‘இப்பெயர் எவரிடமேனும் உள்ளதா?’ என்று கால் விநாடி இடைவெளியில் மும்முறை வினவும். மறுப்பு எழாவிடில் பெயர் அதற்கு உரியதாகும். எழுந்தால் வேறு பெயரைத் தேடிக்கொள்ளும். இப்பெயர்கள் ‘லோக்கல்’ என்னும் ஈற்றுடன் முடியும்.

இதனுடன் இணைந்த மற்றொரு முறையால், ‘இங்கு அச்சிடும் சேவை தருவோர் யார்?’ என்றும் கேட்கலாம். சேவையின் பெயர் தமிழிலும் அமையலாம். அதற்குரிய இடம் 63 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ‘வரவேற்பறை அச்சுப்பொறி’ என்னும் பெயர் 61 பைட்டில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலம் அறியாத ஊழியரும் தேவையான கருவியைத் தாமே தேர்ந்துகொள்ள இது வழி செய்கிறது.

எனினும், இம்முறை ஒருவரையொருவர் நம்புவதை அடிப்படையாகக் கொண்டது. தீய நோக்குடைய கருவி பிறிதொன்றின் பெயரில் விடையளித்தால் தடுப்பார் இல்லை. ஆகவே, வெளியார் பயன்படுத்தும் வைஃபை இணைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து பிரித்து வைப்பது அவசியம். மேலும், இவ்வினாக்கள் இயல்பாக ரவுட்டரைக் கடந்து செல்வதில்லை. பல கட்டடங்கள் கொண்ட அலுவலகத்துக்கு டி.என்.எஸ். முறையே ஏற்றது.

அங்கும் பெயரின் ஈற்றைத் தம் விருப்பம்போல் புனைந்துகொள்ளலாகாது. அதே ஈறு பின்னர் உலகப் பொதுப் பெயராக வழங்கப்படின், உள் அலுவலக வினாக்கள் அயலாரைச் சென்றடையும். இவ்வாறு ஏற்கெனவே பரவலாகப் புழங்கியதாலேயே ‘கார்ப்’, ‘ஹோம்’, ‘மெயில்’ ஆகிய ஈறுகளை வழங்குவதில்லை என 2018-இல் ஐகான் அமைப்பு முடிவு செய்தது. 2024-இல் ‘இண்டர்னல்’ என்னும் ஈற்றை உள்வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கியது. அலுவலகங்கள் இதனையோ, தாம் முறைப்படி பதிவு செய்துள்ள பெயரையோ பயன்படுத்தலாம்.

கருவி வாங்கச் செலவிடும் தொகையுடன் ஒப்பிட்டால், பெயரிடுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே. தேவைப்படுவது முன்யோசனை ஒன்றே. அது வாய்க்குமிடத்தில் வாங்கிய கருவிகளும் முழுப் பயன் தரும்.