சாரத்தில் ஏறுமுன்

பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த நம் குவாலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் இன்று கட்டட வேலைக்குப் போகிறார்கள். சுவர் உயர உயர, அவர்கள் நிற்கும் இடம் சாரந்தான்.

ஏறுமுன் கீழே பார்ப்போம். நம் கடலோரக் களிமண் மழையில் இளகும். ஆகவே சாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புத் தட்டும், அதன்கீழ் கெட்டிப் பலகையும் வேண்டும். செங்கல்லை முட்டுக் கொடுத்தல் ஆகாது. பிறகு மேலே பார்ப்போம். சாரம் கட்டடத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா? பலகைகள் நெருங்கியிருக்கின்றனவா? விளிம்பில் தடுப்புக் கம்பி உண்டா? ஏணி உண்டா? குறுக்குக் கம்பியைப் பிடித்து ஏறுவது வீரமன்று. பெருமழைக்குப் பின், தகுதி பெற்றவர் சோதித்த பிறகே ஏறவேண்டும்.

குறையைக் கண்டும், வேலை போய்விடுமே என்று நம்மவர் வாய் மூடிக்கொள்வதுண்டு. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென நம்பத் தகுந்த காரணம் இருந்தால் முதலாளியிடம் சொல்லவேண்டும். அவர் அதை நீக்காவிட்டால் தொழிலாளி இறங்கிவிடலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது சட்டம்.

இதை இன்றிரவே நம் பிள்ளைகளிடம் சொல்லிவைப்போம்.