ஆடும் தோள்களும் மண் சுமக்கும் தோள்களும்

மேனாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஓட்டக்காரரும் பந்தாட்டக்காரருமாகிய இளைஞர்கள், பந்தயக் காலம் முடிந்ததும் ஐரோப்பாவிலோ வேறு கண்டத்திலோ உள்ள எளிய ஊர் ஒன்றுக்குச் செல்கிறார்கள்; கூலி பெறாமல் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டும் வேலையில் தோள் கொடுத்துத் திரும்புகிறார்கள். “விளையாட்டு வீரனுக்கும் கொத்து வேலைக்கும் என்ன தொடர்பு?” என்று உங்களுள் சிலர் வினவலாம். அந்த வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நம் நாட்டில் மாணவர் தொண்டு என்றவுடன் நினைவுக்கு வருவது நாட்டு நலப்பணித் திட்டம். காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவை ஒட்டி, 1969 செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு அது தொடங்கியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1967 ஏப்ரலில், மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒன்று கூடிற்று. மாணவர்கள் தேசிய மாணவர் படையில் சேரலாம். அதற்கு ஈடாக நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரலாம் என்று அம்மாநாடு பரிந்துரைத்தது. அதனோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்லிற்று. விளையாட்டில் முன்னேறக்கூடிய மாணவர்களுக்கு இவ்விரண்டிலிருந்தும் விலக்கு அளித்து, அவர்களைத் தேசிய விளையாட்டு அமைப்பு என்னும் தனித் திட்டத்தில் சேர்க்கலாம் என்பதே அது.

விளையாட்டை வளர்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுந்த பரிந்துரை அது, குறை கூறுவதற்கில்லை. ஆயினும், தொண்டு ஒரு சாலை, விளையாட்டு ஒரு சாலை என்று பாதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. இன்றும் பல கல்லூரிகளில் மாணவர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. இதனால் விளையும் கேடு யாது? ஊரில் மண் சுமக்க வேண்டிய நாளில், கல்லூரியிலேயே வலிய தோள்களை உடையவர்கள் அங்கு இருப்பதில்லை. “நான் விளையாட்டுக்காரன், மண்வெட்டி எனக்குரியதன்று” என்னும் எண்ணம் இளம் உள்ளத்தில் உறைந்துவிடுமானால், அது நாட்டுக்கு மட்டுமன்று, விளையாட்டுக்கும் இழப்பாகும்.

கூலி பெறாமல் கட்டித் தரும் இத்தொண்டு ஐரோப்பாவில் எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டு வெர்டன் பகுதி நாசமாயிற்று. வீடுகள் இடிந்தன, வயல்கள் குண்டுக்குழிகளாயின. 1920ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்விட்ஜர்லாந்து நாட்டுப் பொறியாளர் பியேர் செரெசோல் என்பார் சிறு குழுவொன்றுடன் அங்குள்ள சிற்றூர் ஒன்றுக்குச் சென்றார். அக்குழுவில் ஜெர்மானியரும் இருந்தனர். நேற்றுவரை பகைவராயிருந்த நாட்டவர், இடிந்த ஊரைக் கட்டித் தர வந்து நின்றனர்! குடில் அமைத்தார்கள், சாலை செப்பனிட்டார்கள். ஆனால் போரின் புண் ஆறாத காலம் அது. ஜெர்மானியரை வைத்துக்கொள்ள ஒப்புதல் கிட்டாமையால், ஏறத்தாழ ஐந்தே மாதங்களில் அம்முகாம் கலைந்தது.

செரெசோல் சோர்ந்துவிடவில்லை. 1927இல் ரைன் ஆறு கரை உடைத்து லிக்டென்ஸ்டைன் என்னும் சிறு நாட்டின் நிலங்களைச் சேற்றாலும் கல்லாலும் மூடியது. மறு ஆண்டு பல நாடுகளைச் சேர்ந்த எழுநூறு பேருக்கு மேல் அங்கு வந்து, மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு அந்நிலங்களை மீட்டனர். “சொல் வேண்டா, செயல் வேண்டும்” என்பதே அவர்களுடைய கொள்கையாயிற்று.

அந்தச் செயல் நம் நாட்டையும் வந்தடைந்தது. 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. பாபு இராஜேந்திர பிரசாத் அவர்கள் துயர் துடைக்கும் பணியை முன்னின்று நடத்தினார். ஐம்பது வயதைக் கடந்துவிட்ட செரெசோல் கடல் கடந்து வந்தார். 1937 வரை மும்முறை வந்து பணியாற்றினார். நிலநடுக்கத்தால் வெள்ளத்துக்கு இலக்காகிவிட்ட ஊர்களை மேட்டு நிலத்தில் புதிதாக அமைக்கும் வேலையில், அவரும் ஐரோப்பியத் தோழர் சிலரும் பீகார் மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். ஐரோப்பியர் ஆள்பவராக அன்றி, ஆளோடு ஆளாக நின்று மண் சுமந்தது அக்காலத்தில் காண்பதற்கு அரிய காட்சி.

இது நமக்குப் புதிய நெறியன்று. வையைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டபோது, ஆளில்லாத வந்திக் கிழவிக்காக இறைவனே பிட்டுக்கு மண் சுமந்த கதையை நீங்கள் அறிவீர்கள். ஆளற்றவருக்கு ஆளாக நிற்பதே தொண்டு என்பதற்கு இதனினும் சிறந்த கதை ஏது? ஆனால் ஒன்று. வந்த கூலியாள் வேலை செய்யாமல் ஆடினார், பாடினார், உறங்கினார், அது திருவிளையாடல். முகாமுக்குச் செல்லும் மாணவர் அந்தப் பகுதியை மட்டும் பின்பற்றலாகாது!

இனி, விளையாட்டுப் பயிற்சி கட்டட வேலைக்கு எங்ஙனம் உதவும் என்பதைப் பார்ப்போம். தளம் போடும் நாளில் கலவையில் நீர் சேர்ந்துவிட்டால், அது இறுகத் தொடங்குமுன் சட்டி சட்டியாக மேலே போய்ச் சேர வேண்டும். சாரத்தில் வரிசையாக நிற்போருள் ஒருவர் தடுமாறினாலும் வரிசை முழுவதும் நின்றுபோகும். தொடர் ஓட்டத்தில் கோல் மாற்றிப் பழகியவர்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

வலிமை இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் சுற்றுச்சுவர் எழுப்பும்போது, எங்கள் கபடி அணியினர் செங்கல் சுமக்க முன்வந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் ஓட்டமும் நடையுமாகச் சுமந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். தலையில் சும்மாடு வைத்து, நிதானமாக நடந்த சித்தாள் அம்மையார் ஒருவரோ மாலை வரை நிற்கவில்லை. “ஓடாதீங்க தம்பி, நாள் முழுக்க இருக்குதில்ல!” என்றார் அவர். மறுநாள் அந்த மாணவர்கள் அவர் நடையைப் பார்த்து நடந்தார்கள்; மாலை வரை தாங்கினார்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவரைப் பிரிக்கச் சொன்னபோது, முகம் சுளிக்காமல் பிரித்தும் கொடுத்தார்கள். நடுவரின் தீர்ப்புக்குப் பணிந்து பழகியவர்கள் அல்லவா?

இங்கே முதன்மையான செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். கான்கிரீட்டு இட்ட பிறகு குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். தவறினால் வெடிப்பு விழும், வலிமை குன்றும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமோ ஏழே நாள் நடப்பது. ஆறாம் நாள் தளம் போட்டு, ஏழாம் நாள் விழா எடுத்துப் புகைப்படம் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிட்டால், எட்டாம் நாள் அத்தளத்துக்கு நீர் ஊற்றுபவர் யார்? கைதட்டல் இல்லாத விடியற்காலைகளில் தனியே ஓடிப் பழகியவனுக்குத்தான் இந்த வினாவின் பொருள் நன்கு விளங்கும். ஆகவே நீராற்றும் நாள்களையும் கணக்கில் வைத்தே முகாமைத் திட்டமிடுங்கள். அதற்குரிய ஆளை முறைவைத்து நிறுத்துங்கள்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் இலவச உழைப்பு ஒரு கூலியாளின் அன்றாடச் சோற்றைப் பறித்துவிடக் கூடாது. எவரும் கூலி கொடுத்துச் செய்விக்க முன்வராத வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஆதரவற்ற மூதாட்டியின் இடிந்த சுவர், பள்ளிக்குச் செல்லும் பாதையின் பள்ளம், ஊர்ப் பொதுக் கிணற்றின் உடைந்த மேடை ஆகியவை உங்களுக்காகக் காத்திருக்கின்றன. கொத்தனாரையும் சித்தாளையும் உரிய கூலி தந்து உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களே உங்கள் பயிற்சியாளர்கள்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ளது எங்கள் கீழ்பென்னாத்தூர். இப்பக்கத்து உழவருக்கு ஏரியும் கிணறுமே உயிர். வரத்துக்கால்வாய் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிட்டால் கிணறு ஊறாது. முன்னாளில் ஊரார் கூடிக் கரையையும் காலையும் பேணிவந்த முறையைக் குடிமராமத்து என்றார்கள். அப்பெயரிலேயே 2017இல் தமிழ்நாட்டு அரசு ஒரு திட்டத்தையும் தொடங்கிற்று. ஆயினும் அரசின் கை எட்டாத சிறு கால்வாய்கள் ஊர்தோறும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன், பதினைந்து பேர் கொண்ட ஒரு விளையாட்டு அணி இரண்டு மூன்று நாள் முயன்றால், அத்தகைய கால்வாய் ஒன்றில் நீர் ஓட வழி பிறக்கும்.

ஆகவே விளையாட்டு மாணவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்களுக்கு விலக்கு இருக்கலாம், அதனைப் பயன்படுத்திக்கொள்ளாதீர்கள். அணித்தலைவர் முன் நிற்க, அணி முழுவதும் ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஓர் ஊரில் ஒரு வேலையை எடுத்து, முற்றும் முடித்துவிட்டு வாருங்கள். வெற்றிக் கோப்பைகள் கல்லூரி அலமாரியில் இருக்கும். நீங்கள் தூர் வாரிய கால்வாயிலோ ஆண்டுதோறும் நீர் வரும். அந்த நீரில் விளைந்ததை உண்பவர், உங்கள் பெயர் அறியாமலே உங்களை வாழ்த்துவர்.