வரவு செலவு நோட்டில் வராத சந்தோஷம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கடன், வட்டி, திருப்பிச் செலுத்துதல் எல்லாவற்றையும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். அதையே நானும் சொன்னால் நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்க. அதனால் நான் சந்தோஷத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இதுவும் குழு விஷயம்தான்.

நமக்குப் பஞ்சசூத்திரம் மனப்பாடம். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, தவறாமல் உள்கடன், தவறாமல் திருப்பிச் செலுத்துதல், தவறாமல் கணக்கு எழுதுதல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். இந்த ஐந்தும்தான் நம்மை இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம்ம கையில் ஏதாவது நல்லதா வந்துவிட்டால் உடனே கேட்கிற முதல் கேள்வி, "இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். ஊறுகாய் ருசியாக இருந்தால் பாட்டிலில் அடைக்கலாமா? கோலம் நன்றாக இருந்தால் வகுப்பு எடுக்கலாமா? நமக்கே நமக்கு என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

2019-ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் 5 மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. கூலி இல்லாத வேலை அது. அது போக பூப் பறிக்கிற வேலை, நூறு நாள் வேலை, மாடு, ஆடு. இதற்கு நடுவில் எங்கள் குழுவில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரத்தை எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோம். அதில் என்ன செய்தோம் என்றுதான் சொல்ல வந்தேன்.

முதலில் சேலைப் போர்வை. நம்ம பக்கத்தில் சின்னாளப்பட்டி சுங்குடி இல்லாத வீடு உண்டா? அந்தப் பருத்திச் சேலை துவைக்கத் துவைக்கத்தான் மெதுவாகும். கட்ட முடியாத அளவுக்கு நைந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். பிறந்த குழந்தையை அதில்தானே சுற்றுகிறோம். எங்க அப்பத்தா காலத்தில் பழைய சேலைகளை அடுக்கி வைத்துத் தைத்து மெத்தைக்கு மேல் விரிப்பார்கள். கடையில் மலிவாகப் போர்வை வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

செய்வது லேசு. நான்கு பழைய சேலைகளைச் சுடுதண்ணீரில் அலசி, கஞ்சி போகக் காயவைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவி, துணி நகராமல் இருக்கப் பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்தை நோக்கிச் சாதாரண ஓட்டுத் தையல், ஒரு விரல்கடை இடைவெளியில். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் எல்லாம் நடுவில் வந்து கூடாரம் போட்டுவிடும். மேற்கு வங்கத்துப் பெண்கள் காந்தா என்று இதையே செய்கிறார்கள். பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பது அவர்கள் பழக்கமாம். நூலுக்கும் காசு இல்லை.

ஒரு போர்வையைச் சுற்றி ஐந்து பேர் உட்காரலாம். கை தைக்கும், வாய் பேசும். குழுக் கூட்டத்தில் வாயே திறக்காத மதினி ஒருத்தர், ஊசியைக் கையில் எடுத்தால் போதும், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டு பேசும்போது கஷ்டத்தையும் சொல்லிவிட முடிகிறது. யாருக்கு வெளியில் கந்துக்கடன் இருக்கிறது, யார் வீட்டில் ராத்திரி அடி விழுகிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தீர்மான நோட்டில் தெரியவில்லை. போர்வை ஓரத்தில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் உதவவும் முடிந்தது.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சிக்கு அம்மா இறந்து போனார். அம்மாவின் சேலைகளைக் கட்டவும் மனசு வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை. ஒரு வருஷம் பெட்டியிலேயே இருந்தது. அதை எடுத்து வரச் சொல்லித் தைத்தோம். முந்தானை நான்கையும் மேலே வருகிற மாதிரி வைத்தோம். "இப்பத்தான்க்கா நல்லாத் தூக்கம் வருது" என்று ஒரு நாள் சொன்னாள். இதற்கு நோட்டில் எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது?

அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நூறு போர்வை வேண்டும், ஒன்றுக்கு 450 ரூபாய் தருகிறேன், ஆனால் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஐந்து பேர், நாளைக்கு இரண்டு மணி நேரம், நான்கு நாள். ஆக 40 மணி நேரம். 450-ஐ 40-ஆல் வகுத்தால் மணிக்கு 11 ரூபாய் 25 காசு. எட்டு மணி நேரம் தைத்தாலும் 90 ரூபாய்தான். நூறு நாள் வேலைக் கூலியில் பாதிகூட இல்லை.

குழுவில் பெரிய வாக்குவாதம். "90 ரூபா என்றாலும் எனக்கு வேணும், என் வீட்டு நிலைமை அப்படி" என்று ஒரு அக்கா சொன்னார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் இப்படித் தீர்மானம் போட்டோம்: விற்பனைக்குத் தைக்க விரும்புகிறவர்கள் தனியாகத் தைக்கலாம், விலையை நாமே வைப்போம், ஒன்று 1,500 ரூபாய்க்குக் குறையாது. செவ்வாய்க்கிழமைப் போர்வை மட்டும் விற்பனைக்கு இல்லை. வியாபாரி அந்த விலைக்கு வாங்கவில்லை, போய்விட்டார். அந்த அக்கா இப்போது வருஷத்துக்கு மூன்று நான்கு போர்வை நேரடியாக விற்கிறார். செவ்வாய்க்கிழமையும் வருகிறார்.

இது நமக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. என் மகள் செல்போனில் ஒரு செய்தி காட்டினாள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், பருத்திக்காட்டில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த வேலைத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். 1942-ல் மிசோரி பெட்வே என்ற பெண், இறந்துபோன தன் கணவரின் வேலைத் துணிகளையே ஒரு போர்வையாகத் தைத்திருக்கிறார். 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவு ஆரம்பித்தார்கள், நம்ம மாதிரியே. பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. கடைக்காரர்கள் கேட்ட மாதிரி ஒரே அச்சில் தைத்துக் கொடுத்தார்கள், குடும்பத்துக்கு வருமானம் வந்தது. ஆனால் 2002-ல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களின் சுவரில் தொங்கியவை, தங்கள் வீட்டுக் கட்டிலுக்கென்று மனம் போன போக்கில் அவர்கள் தைத்த போர்வைகள். 2006-ல் அமெரிக்கத் தபால் துறை அவற்றைத் தபால்தலையாகவும் வெளியிட்டது. காசுக்குத் தைத்தது தப்பில்லை. ஆனால் தனக்கென்று தைத்ததில்தான் அவரவர் முகம் இருந்தது.

அடுத்தது கேக். பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கடைக் கேக் கேட்டு அழுகிறதுகள். அரைக் கிலோ வாங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. அடுப்பு மிஷின் எதுவும் வேண்டாம். அடிகனமான அலுமினியக் குண்டானில் இரண்டு விரல் உயரத்துக்குச் சுத்தமான மணலோ கல்லுப்போ போட்டு, ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். கோதுமை மாவு ஒரு டம்ளர், கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், நாட்டுச் சர்க்கரை ஒரு டம்ளர், கெட்டித் தயிர் ஒரு டம்ளர், எண்ணெய் அரை டம்ளர், பால் அரை டம்ளர், ஆப்பசோடா ஒரு டீஸ்பூன், ஏலக்காய், சுக்கு. கேழ்வரகு மட்டும் போட்டால் உதிரும், பிடித்துக்கொள்ளக் கோதுமை வேண்டும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் நுரைக்க ஆரம்பிக்கும். அதனால் சோடாவைக் கடைசியில் போட்டு உடனே குண்டானுக்குள் வைத்துவிட வேண்டும். மிதமான தீயில் 40 நிமிடம். சுத்தமான ஈர்க்குச்சியைக் குத்தினால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

வெந்து வருகிற வாசனை தெரு முழுக்கப் போகும். விளையாடுகிற பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் நிற்கும். மூடியைத் திறக்கிற நேரத்தில் நாமும் சின்னப் பிள்ளை ஆகிவிடுகிறோம். எங்கள் குழுவில் இரண்டு பேர் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து இந்தக் கேக்கை விற்கிறார்கள், நல்ல வியாபாரம். சந்தோஷம்தான். மற்ற பதினான்கு பேர் வீட்டில் அது பிள்ளைகளுக்கு மட்டும்.

மூன்றாவது பயணம். டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து நமக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், மார்க்கெட்டுக்குப் போகிறோம். சும்மா ஊர் பார்க்க எத்தனை பேர் ஏறியிருக்கிறோம்?

வாரம் ஆளுக்கு 10 ரூபாய் தனி உண்டியலில் போட்டோம். 16 பேர், 52 வாரம், 8,320 ரூபாய். ஐப்பசி அடைமழை விட்டு, கார்த்திகையில் மல்லிகை வரத்துக் குறைந்து பூப்பறிப்புக் கம்மியாக இருக்கிற நேரம் பார்த்துக் கொடைக்கானல் கிளம்பினோம். வெளிநாட்டில் இந்தப் பருவத்தில் இலை சிவந்து உதிரும் என்பார்கள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம், மலை முழுக்கப் பச்சை. நம்ம காட்டு மரங்கள் இலை உதிர்ப்பது மழை நின்று வெயில் ஏறுகிற காலத்தில்தான். வத்தலக்குண்டு வரை டவுன் பஸ், அங்கிருந்து டிக்கெட் எடுத்து மலை பஸ். டம்டம் பாறைக்கிட்டே எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்குகிற மாதிரி தலையாறு அருவி. எலிவால் அருவி என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்! கீழே மஞ்சளாறு அணை ஒரு கண்ணாடித் துண்டு போலத் தெரிந்தது. மேலே போகப் போகக் குளிர். கொண்டுபோன சேலைப் போர்வையை மடியில் விரித்து ஒரு சீட்டில் மூன்று பேர் மூடிக்கொண்டோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து கேழ்வரகுக் கேக்கைப் பங்கு போட்டுத் தின்றோம்.

எங்களோடு வந்த பெரியம்மாவுக்கு 62 வயது. தினமும் பூக்காட்டில் நின்று அந்த மலையைப் பார்த்தவர். ஒரு நாள்கூட மேலே ஏறியதில்லை. கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேகம் விலகின அஞ்சு நிமிஷம் கீழே சமவெளி தெரிந்தது. "நம்ம ஊரு எந்தப் பக்கம்டி?" என்று கேட்டார். கையைக் காட்டினோம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டூண்டு இடத்துலயா இத்தனை வருஷம் இத்தனை கவலைப்பட்டேன்?"

அக்கா தங்கச்சிகளே, கடன் வாங்கும்போது பத்துப் பேர் ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறோம். அந்த நம்பிக்கை சட்டத்தால் வருவதில்லை. சேர்ந்து சிரித்தவர்களுக்குள், ஒரே போர்வைக்குள் கால் நீட்டியவர்களுக்குள் வருகிறது. வெறும் தவணையை மட்டும் பேசுகிற குழுவில், ஒருத்தருக்குத் தவணை கட்ட முடியாமல் போனால் அவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர் தோழியாகப் போகிறாரா, வசூலுக்குப் போகிறாரா என்பதுதான் கேள்வி.

அதனால் இந்தப் பேரவையிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒவ்வொரு குழுவும் மாதத்தில் ஒரு தடவை, நோட்டைத் திறக்காத இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளட்டும். தைப்பதோ, சுடுவதோ, பாடுவதோ உங்கள் இஷ்டம். இரண்டாவது, பயண உண்டியல் ஒன்று இன்றைக்கே ஆரம்பியுங்கள். கொடைக்கானல் மலையில் 12 வருஷத்துக்கு ஒரு முறை குறிஞ்சி பூக்கும். போன தடவை 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. நம்ம தலைக்கு மேலே மலை நீலமாக மாறுகிறபோது, நாம் கீழே தவணைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வாரம் 10 ரூபாய். கூட்டமைப்பில் இருக்கிற அத்தனை பேரும் மேலே நிற்க வேண்டும். பெரியம்மா இப்போதே முன்பதிவு பண்ணிவிட்டார்.