பழைய நாவலும் பாட்டியின் சொல்லும்

ஈப்போவுக்கு அருகே ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். முன்பு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பம் அது. தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பட்டணத்துப் பக்கம் குடிவந்துவிட்டார்கள். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பேத்தி ஒரு பழைய நாவலை இரவல் வாங்கி வந்தாள்; நாலாம் பக்கத்திலேயே மூடிவிட்டாள். "வண்டிச் சத்தம் கொடுத்தான் என்று போட்டிருக்கிறது. சத்தத்தை எப்படிப் பாட்டி கொடுப்பது?" என்று கேட்டாளாம். எழுத்தறியாத பாட்டி சிரித்துக்கொண்டே, "அது வண்டி வாடகை, கண்ணு" என்றார்.

பழைய நாவல்களைத் தொடுகிற இளையவர்கள் பலருக்கும் இதே சங்கடந்தான். புரியாத சொல்லைவிட, புரிந்ததுபோல் இருக்கும் சொல்லே அதிகம் ஏமாற்றும். கதையில் ஒருவர் காலையில் சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போகிறார் என்றால், பாட்டுக் கேட்கப் போகிறார் என்று நினைத்துவிடுவோம். அந்நாளில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம், நீதிமன்றம். சரித்திரம் என்பதும் அப்படியே. தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதில் அரச பரம்பரை வரலாற்றைத் தேட வேண்டாம். ஒரு மனிதர் தம் வாழ்க்கையைச் சொல்லும் கதை அது.

அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். முன்சீப் என்றால் கீழ்க்கோர்ட்டு நீதிபதி. ஆங்கிலத்திலிருந்த தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தந்தவரும் அவரே. நீதிமன்றத்தில் அன்று வழங்கிய சொற்களுள் பல பாரசீகத்திலிருந்தும் இந்துஸ்தானியிலிருந்தும் வந்தவை. பிராது என்பது அவற்றில் ஒன்று. பேத்திக்கு அது விளங்காது. பாட்டிக்கு விளங்கும். கங்காணி மேல் பிராது சொல்லப் போனவர்களை அவர் பார்த்திருக்கிறார்!

காலக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 60 நாழிகை; ஆக ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். சாமம் என்பது 3 மணி நேரம். இரவின் நான்காம் சாமம் விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கும். பெரட்டுக்கும் பால்வெட்டுக்கும் எழுந்து ஓடியவர்களுக்கு அந்த நேரத்தின் குளிரைக்கூட நான் சொல்லத் தேவையில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

அகராதியும் வேண்டியதுதான். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வழக்கில் குறைந்துவரும் சொற்களை 'அருகிவரும் வழக்கு' என்று குறித்துக் காட்டுகிறது. ஆனால் அகராதியைப் பிறகும் வாங்கலாம். பாட்டிக்கு இப்போதே எண்பதைத் தாண்டிவிட்டது.

அந்த வீட்டில் இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பேத்தி வாசிக்கிறாள், பாட்டி கேட்கிறார். ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆளும் இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாராம்.