வீட்டைப் பூட்டும் சட்டமும் ஊரைக் கேட்கும் கடமையும்

கனடாவின் மாகாணங்களிலும், மாகாணத் தகுதி பெறாமல் கூட்டாட்சி அரசு வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு இயங்கும் வட ஆட்புலங்களிலும் கடந்த கால் நூற்றாண்டாகப் பரவிவரும் இரண்டு சட்டங்களும், அவை சட்டமன்றத்தை எட்டுமுன் மக்களிடம் நடத்தப்படும் கருத்துக்கேட்பும் இவ்வுரையின் பொருளாகும். முதலாவது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகிவிட்ட வீட்டை மூடச் செய்யும் சமூகப் பாதுகாப்புச் சட்டம். இரண்டாவது, குற்றத்தில் விளைந்ததாகவோ குற்றத்துக்குக் கருவியானதாகவோ கருதப்படும் சொத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் உரிமையியல் பறிமுதல் சட்டம். இரண்டும் குற்றத்தை ஒட்டி எழுந்தவை என்றாலும் இரண்டிலும் எவரும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படுவதில்லை; நடவடிக்கை மனிதர் மீது அல்லாமல் வீட்டின் மீதும் வண்டியின் மீதும் ரொக்கத்தின் மீதும் பாய்கிறது என்பதே இவற்றின் தனித்தன்மை.

கனடாவில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை முதலில் இயற்றியது மேனிடோபா மாகாணம். 2001இல் நிறைவேறி 2002இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தை அடியொற்றி சஸ்காச்சுவானும் யூக்கானும் ஆல்பர்ட்டாவும் தத்தம் சட்டங்களை இயற்றிக்கொண்டன. ஒரு வீட்டில் போதைப்பொருள் விற்பனையோ கள்ளச் சாராய வியாபாரமோ வாடிக்கையாக நடந்து தெருவின் நிம்மதி கெடுகிறது என்று எவரேனும் புகார் கொடுத்தால், அதற்கென அமர்த்தப்பட்ட இயக்குநர் விசாரிக்கிறார், வீட்டுச் சொந்தக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறார், அதிலும் பலன் இல்லையெனில் நீதிமன்றத்தை அணுகி அவ்வீட்டை 90 நாள் வரை பூட்டிவைக்கும் ஆணையைக் கோருகிறார். புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடக் கூடாதென்று சட்டமே தடுக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. இரவு முழுவதும் வண்டிகள் வந்துபோகும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வாழும் தாய், காவல் துறை சான்று திரட்டி, வழக்கு நடத்தி, தண்டனை வாங்கித் தரும் வரை எத்தனை மாதம் பொறுத்திருக்க முடியும் என்ற கேள்விக்குக் குற்றவியல் நடைமுறை சரியான பதில் தந்ததில்லை. அந்தத் தாயின் அச்சத்தைச் சிறிதாக எண்ணுகிறவர் இச்சட்டங்களைப் பற்றிப் பேசும் தகுதியை இழக்கிறார்.

எனினும் நடைமுறையில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இச்சட்டத்தின் கீழ் எழும் புகார்களில் மிகப் பல நீதிபதியின் பார்வைக்கு வருவதே இல்லை. எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்த உடனேயே சொந்தக்காரர் குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லிவிடுகிறார். கடிதத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. காலிசெய்த குடும்பத்தில் குற்றத்தோடு தொடர்பில்லாத மூதாட்டியோ பள்ளிக்கூடப் பிள்ளையோ இருந்தனரா, அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கும் கட்டம் அங்கே வாய்ப்பதே இல்லை.

உரிமையியல் பறிமுதலை முதலில் கொண்டுவந்தது, கனடாத் தமிழரில் பெரும்பாலோர் வாழும் ஒன்டாரியோ மாகாணம். அதன் சட்டம் 2001இல் நிறைவேறியது. அச்சட்டம் உச்ச நீதிமன்றம் வரை சோதிக்கப்பட்ட வழக்கின் விவரங்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை. 2003இல், முன்பக்க எண் தகடு இல்லாத காரணத்தால் காவலர் நிறுத்திய ஒரு காரில் 29,020 டாலர் ரொக்கமும், வெளியேற்று மின்விசிறி ஒன்றும், விளக்குச் சாதனங்கள் சிலவும் கிடைத்தன. அவற்றில் கஞ்சா வாடை வீசியது, ஆனால் கஞ்சா கிடைக்கவில்லை. அந்தப் பணத்தின் பேரிலோ பொருள்களின் பேரிலோ ஓட்டி வந்தவர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதியப்படவில்லை. ஆயினும் பணமும் பொருளும் அரசுக்கே சேர்ந்தன. குற்றவியல் சட்டம் இயற்றும் அதிகாரம் கூட்டாட்சி அரசுக்கே உரியது என்பதால், ஒரு மாகாணம் இவ்வாறு செய்யலாமா என்ற வினா எழுந்தபோது, சொத்துரிமையை ஒழுங்குபடுத்தும் மாகாண அதிகாரத்துக்குள் இது அடங்கும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது.

இவ்விடத்தில் மெய்ப்பிப்பின் அளவு என்னும் கருத்தை விளக்குவது அவசியமாகிறது. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் அவர் குற்றம் செய்தார் என்பது நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும். உரிமையியல் வழக்கிலோ, ஒரு செய்தி பொய்யாக இருப்பதைக் காட்டிலும் மெய்யாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று நீதிபதிக்குத் தோன்றினால் போதும். கடன் தகராறுக்கும் வரப்புத் தகராறுக்கும் உரிய அந்தத் தளர்ந்த அளவையே இவ்விரு சட்டங்களும் குற்றம் சார்ந்த நடவடிக்கைக்கு எடுத்தாள்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2011இல் இன்னும் ஒரு படி முன்னே சென்று, 75,000 டாலருக்கு உட்பட்ட அசையும் சொத்தாயின், குறித்த காலத்துக்குள் எவரும் மறுப்புத் தாக்கல் செய்யாவிட்டால் நீதிமன்றம் போகாமலேயே பறிமுதல் செய்யலாம் என்று விதித்தது. அதே மாகாணத்தில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் கும்பலின் மன்றக் கட்டடங்களைப் பறிக்க 2007இல் தொடங்கிய வழக்கு 2023இல்தான் அரசுக்குச் சாதகமாக முடிவடைந்தது. பணமும் வழக்கறிஞரும் உடைய கும்பல் 16 ஆண்டுகள் தாக்குப்பிடிக்க, பழைய வண்டியொன்றை இழந்த கூலித் தொழிலாளி மறுப்புப் படிவத்தை நிரப்பத் தெரியாமலேயே தோற்றுவிடுகிறார். வலியவரைக் கருதி வகுத்த சட்டம் எளியவரிடம் விரைவாக வேலை செய்கிறது என்பதே இதிலுள்ள வேதனை.

குற்றவியல் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குரிய காப்புகள் பல நூற்றாண்டுப் பட்டறிவால் விளைந்தவை. அவற்றைச் சட்டமன்றம் புதிதாக எழுதித் தர வேண்டியதில்லை. இப்புதுச் சட்டங்களிலோ, எழுதிச் சேர்த்த காப்பைத் தவிர வேறு காப்பு மிகக் குறைவு. ஆதலால் கருத்துக்கேட்பு என்பது இங்கே மரியாதைக்கு நடக்கும் சடங்கு ஆகாது. பாதிக்கப்படப் போகிறவர் தமக்குரிய காப்பைத் தாமே கேட்டுப் பெறக்கூடிய இடம் பெரும்பாலும் அதுவொன்றே.

இவ்வுண்மையை நன்கு காட்டுவது கனடாவின் வடபுலம். வடமேற்கு ஆட்புலத்தில் சமூகப் பாதுகாப்பு மசோதா ஒன்று 2007இல் சட்டமன்றம் வரை வந்தும் நிறைவேறவில்லை. அண்டையிலுள்ள யூக்கானில் உரிமையியல் பறிமுதல் மசோதா 2010இல் வந்தபோது மக்களின் எதிர்ப்பால் அரசே அதை ஒத்திவைத்தது. போதைப்பொருள் வணிகம் சிற்றூர்கள் வரை ஊடுருவிவிட்ட நிலையில், வடமேற்கு ஆட்புல அரசு அண்மை ஆண்டுகளில் இரு சட்டங்களையும் மக்கள் முன் கருத்துக்கு வைத்தது. அந்நிலப்பரப்பு மேனிடோபா போன்றதன்று. இந்தியாவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பில், ஏறத்தாழ 45,000 மக்கள் 33 ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகர் யெலோநைஃபில் இருக்கிறார்கள். அலுவல் மொழிகள் 11. உலுஹக்டாக், பாலடுக் போன்ற ஆர்க்டிக் கரையோர ஊர்களுக்குச் சாலையே கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். சில நூறு பேரே வாழும் அவ்வூர்களில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் அரசுக் குடியிருப்புதான். மைனஸ் 30 பாகைக்குக் கீழே இறங்கும் குளிரில் அங்கே ஒரு வீடு 90 நாள் பூட்டப்பட்டால், வெளியேறியவர்கள் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குத்தான் போக முடியும். தொல்லையும் அவர்களோடு அங்கே குடிபெயரும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் புகார் கொடுத்தவரின் பெயரைச் சட்டம் மறைத்தாலும் ஊர் ஊகித்துவிடும், ஊகம் பிசகினால் குற்றமற்ற வேறொருவர் மீது பகை விழும். நகரத்துக்கு நல்ல மருந்தாக அமைந்த விதி, இத்தகைய ஊருக்கு வரும்போது அளவும் முறையும் மாறியே ஆக வேண்டும்.

மக்களைக் கேட்பது எப்படி என்பதற்கு அதே மண்ணில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. மெக்கென்சி ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே இயற்கை எரிவாயுக் குழாய் பதிக்கலாமா என்று ஆராய 1974இல் கூட்டாட்சி அரசு நீதிபதி தாமஸ் பெர்ஜரை அமர்த்தியது. நிறுவனங்களின் வல்லுநர்களை யெலோநைஃபில் முறைப்படி விசாரித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. 35 ஊர்களுக்குத் தாமே சென்று, ஊர் மன்றங்களில் அமர்ந்து, தெனெ, இனுயிட், மெட்டிஸ் பழங்குடி மக்கள் உள்ளிட்ட ஏறத்தாழ 1,000 பேரின் சொற்களை அவரவர் மொழியிலேயே கேட்டார். வேட்டைக்காரர் எந்த ஓடையில் பொறி வைக்கிறார், எந்தத் திங்களில் கரிபு மான் கூட்டம் கடக்கிறது என்று சொன்னதும், வல்லுநரின் வரைபடத்தைப் போலவே சான்றாகப் பதிவாயிற்று. விசாரணையின் செய்திகளை வானொலி நாள்தோறும் பழங்குடி மொழிகளிலும் ஒலிபரப்பியது. பழங்குடி அமைப்புகள் தம் வாதத்தை ஆயத்தம் செய்து முன்வைக்கப் பொதுப்பணம் வழங்கப்பட்டது. 1977இல் வெளியான அறிக்கை, நில உரிமைக் கோரிக்கைகள் தீரும் வரை பள்ளத்தாக்கில் குழாய்த் திட்டத்தைப் பத்தாண்டுகள் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தது. ஊர் மன்றத்தில் பேசியவரின் சொல் முடிவையே மாற்ற வல்லது என்று ஒரு தலைமுறை அதனால் அறிந்துகொண்டது.

அதற்கு மாறாக, பாதுகாப்பான தெரு வேண்டுமா என்று வினாத்தாள் கேட்டால், வேண்டாம் என்று சொல்பவர் எவரும் இல்லை. அந்த விடையைக் கொண்டு எந்தச் சட்டத்தையும் நியாயப்படுத்திவிடலாம். வரைவின் வாசகத்தைக் கையில் கொடுத்து, அவரவர் மொழியில் விளக்கி, கூர்மையான வினாக்களை எழுப்புவதே உண்மையான கருத்துக்கேட்பு. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டலாமா, பூட்டினால் பிள்ளைகளுக்கு மாற்றிடம் தருவது யார், எச்சரிக்கைக் கடிதம் பெற்ற குடும்பத்துக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டா, மகன் ஓட்டிய வண்டிக்குத் தாய் உரிமையாளராயின் அவர் தம் அறியாமையை எப்படி நிறுவுவது என்பவை அவ்வினாக்களில் சில. பறிமுதல் செய்த பணம் எங்கே போகும் என்பதையும் வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பறிமுதல் அலுவலகத்தின் செலவே பறிமுதல் வருவாயிலிருந்துதான் நடக்கிறது, எஞ்சியதில் குற்றத்தடுப்பு மானியங்கள் வழங்கப்படுகின்றன. தன் அலுவலகத்தின் செலவுக்கே பறிமுதலை நம்பியிருக்கும் அதிகாரி, எந்த வழக்கைத் தொடுப்பது, எதை விடுவது என்று நடுநிலையோடு தேர்ந்தெடுக்க இயலுமா என்ற கேள்வியை, மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்த பிறகு எழுப்புவதைவிட, வரைவு இன்னும் மேசையில் இருக்கும்போதே பாலடுக்கின் ஊர் மன்றத்தில் எழுப்பச் செய்வது அரசின் கடமையாகும்.