பைத்தியமும் சங்கிலியும்

(ஆரணிப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புராணத்தைப் பற்றியதல்ல. வீட்டுப் பின்கட்டில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் மனிதர்களைப் பற்றியதாகும். பைத்தியம் என்று பேர் வைத்து, கலியாணம் கருமாதிக்குக்கூட வெளியில் காட்டாமல் நாம் மறைத்து வைத்திருக்கிறோமே, அவர்களைப் பற்றியதாகும்.

இந்த ஆரணி பட்டு நெசவாளிகளின் ஊர். தறியில் பாவு இழை அறுந்துபோனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தறிக்குச் சனி பிடித்துவிட்டது என்று தாயத்துக் கட்டுகிறீர்களா? இல்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறீர்கள். அதே நெசவாளி தன் மகனுக்குப் புத்தி தடுமாறினால் மாத்திரம், அறுந்த இடம் எது என்று தேடாமல் பூசாரியைத் தேடுகிறானே, இது ஏன் என்று கேட்கிறேன். தறி விஷயத்தில் பூசாரியை நம்பினால் அன்று சாயங்காலமே கூலி போய்விடும். மனிதன் விஷயத்திலோ நஷ்டம் முழுவதும் நோயாளியின் தலையில் விழுகிறது. அவன் வாய் திறந்து முறையிட்டால், அதுவும் பைத்தியத்தின் உளறல் என்று தள்ளிவிடலாம். இதுதான் காரணம்.

முதலில் பேய் என்கிறோம், வேப்பிலை அடிக்கிறோம். அது தீராவிட்டால் "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் கட்டுகிறோம். நோயும் தீருவதில்லை, அந்தப் பெண்ணின் வாழ்வும் பாழாகிறது. நோய் பெண்ணுக்கு வந்துவிட்டாலோ, கேட்பாரில்லாமல் தாய்வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.

பிறகு கோயில் யாத்திரை. சோளிங்கர் குளத்தில் முழுக்கு, குணசீலத்தில் மண்டலம், ஏர்வாடி தர்காவில் வாசம், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் காவல். மற்றக் காரியங்களில் ஒருவரோடொருவர் சேராத மதங்கள் எல்லாம் இந்த ஒரு காரியத்தில் ஒற்றுமையாகவே இருக்கின்றன!

இதன் பலன் என்ன என்பதை 2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி உலகம் பார்த்தது. ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டிருந்த ஒரு தனியார் விடுதியில், கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். தோழர்களே, தீ வந்தால் ஓடவேண்டும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. காலில் சங்கிலியும் இருந்தது. அப்படியானால் அங்கே அறிவு கெட்டவர்கள் யார்? கட்டப்பட்டவர்களா, கட்டியவர்களா?

விடுதிக்காரரைத் தண்டித்துவிட்டால் காரியம் முடிந்துவிடுமா? அந்த விடுதிக்கு மாதாமாதம் பணம் கட்டியது பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும்தான். அவர்களெல்லாம் கல் நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏழைகள், பக்கத்தில் வைத்தியர் இல்லை, "இந்த வீட்டிலா பெண் எடுப்பது?" என்று கேட்கும் ஊர் இருக்கிறது. ஆகவே அந்தச் சங்கிலியின் ஒரு முனை விடுதிக்காரர் கையில் இருந்ததென்றால், மறுமுனை ஊரார் வாயில் இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? மனுதர்மம் 9-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். பிறவிக் குருடன், செவிடன், ஊமை, பைத்தியம் பிடித்தவன் ஆகியோருக்குச் சொத்தில் பங்கு இல்லை. சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறது. 1928-இல் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் மற்ற ஊனமுற்றோருக்குப் பங்கு உண்டு என்று திருத்தியது. அப்போதுங்கூட, பிறவியிலேயே பைத்தியமானவரையும் புத்தி வளராதவரையும் விலக்கியே வைத்தது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டந்தான், எந்த நோயும் எந்த ஊனமும் சொத்துரிமைக்குத் தடையல்ல என்று தீர்த்தது. இருந்தும் இன்றைக்கும் பாகப்பிரிவினை நாளில் "அவனுக்கு எதற்குப் பங்கு?" என்று கேட்கிற அண்ணன் தம்பிகள் இல்லையா? சட்டப் புத்தகத்தை விட்டு மனு போய்விட்டான். கூடத்தை விட்டுப் போகவில்லை.

இன்னொரு சங்கதி. ஊர் வழக்கத்துக்கு அடங்காதவர்களை எல்லாம் பைத்தியம் என்று சொல்லிவிடுவது நம்மவர்களின் பழைய தந்திரம். ஜாதி விட்டுக் காதலித்த பெண்ணுக்கு மோகினி பிடித்தது என்பார்கள். சாமி இல்லை என்ற பையனுக்கு மூளை புரண்டது என்பார்கள். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு இதற்குப் பதில் சொல்லுகிறது. தன் சமூகத்தில் வழங்கும் ஒழுக்கத்துக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப் போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது.

"கட்டாவிட்டால் எப்படி அடக்குவது?" என்று சிலர் கேட்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் பியூஸன் என்னும் மேற்பார்வையாளர் நோயாளிகளின் விலங்குகளைக் கழற்றினார். பினேல் என்னும் வைத்தியர் அதைப் பின்பற்றினார். அன்று மருந்துகூடக் கிடையாது. இந்நோய்க்கென்று பயன்படும் மருந்துகள் 1952-க்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தன. மருந்தில்லாத காலத்திலேயே அவிழ்க்க முடிந்த விலங்கை, மருந்திருக்கிற காலத்தில் நாம் பூட்டுவதா? எல்லோருக்கும் பூரண குணம் என்று வைத்தியமும் சொல்லவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் மருந்தோடு வாழ்வதுபோல், பலர் மருந்தோடு வாழ்ந்து வேலை செய்ய முடியும் என்றுதான் சொல்லுகிறது.

ஆதலால் நாம் செய்யவேண்டியது என்ன?

ஒன்று: தூக்கமில்லை, தனக்குத் தானே பேசுகிறார், சந்தேகப்படுகிறார் என்று கண்டவுடன் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பக்கத்து வேலூரில் பாகாயம் மனநல மருத்துவமனையில் குடும்பத்தார் கூடவே தங்கி வைத்தியம் பார்க்கும் முறை இருக்கிறது. யோசனை கேட்க 14416 என்ற இலவசத் தொலைபேசி 2022 முதல் இருக்கிறது.

இரண்டு: குணமாகி வந்தவருக்கு வேலை கொடுங்கள். உடனே கோர்வைப் புடவை நெய்ய முடியாவிட்டால் தார் சுற்றட்டும். அதற்குரிய கூலியை அவர் கையிலேயே கொடுங்கள். கையில் காசு வந்தால் பாதி மானம் திரும்பிவிடும்.

மூன்று: அந்த வீட்டில் பெண் கொடுங்கள், பெண் எடுங்கள். நோயைச் சொல்லியே செய்யுங்கள், மறைத்துச் செய்யாதீர்கள்.

நான்கு: எதிரியை ஏசுவதற்குப் "பைத்தியக்காரன்" என்ற சொல்லை நம் மேடையில் ஒருவரும் எடுக்கவேண்டாம். மூடநம்பிக்கை ஒருவன் வலிந்து பிடித்துக்கொள்வது. நோய் ஒருவனுக்குத் தானாக வருவது. இரண்டும் ஒன்றல்ல.

சுயமரியாதை என்று நாம் சொல்வது புத்தி தெளிவாய் இருக்கிறவனுக்கு மாத்திரம் உரியதென்றால், அது மனு சொன்ன பங்கீட்டுக்கு வேறானதல்ல. மனிதனாய்ப் பிறந்த எவருக்கும் அது உண்டு. உங்கள் தெருவில் பூட்டிய கதவு ஒன்று இருந்தால், நாளைக் காலையில் நாலு பேராகப் போய்த் தட்டி, அந்த வீட்டாரைக் கடிந்துகொள்ளாமல், "ஆஸ்பத்திரிக்கு நாங்களும் கூட வருகிறோம்" என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டு, என் வார்த்தையை முடித்துக்கொள்ளுகிறேன்.