ஆட்டுக்கும் ஒரு நீதி வேண்டும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எழுந்தது சம்பளத்தைப் பற்றியன்று, ஆட்டைப் பற்றி. சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது.

நம் லயத்து ஆடுகளின் குறும்பை அறியாதார் இங்கே யாருமில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் வந்து நிற்கும். ஆளோடு ஆடும் வந்து நிற்கும். பெயர் கூப்பிடக் கூப்பிட, அதுவும் 'மே' என்று குரல் கொடுக்கும். குட்டிகளோ, பால் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் காலித் தகர டிரம்மின் மேல் ஏறி, ஒன்றையொன்று முட்டித் தள்ளி அரசாட்சி நடத்தும். கடைசியில் நிற்பவர் ராஜா. அவருடைய ஆட்சி அரை நிமிடம். நனைவது ஆட்டுக்கு ஆகவே ஆகாது. முதல் தூறலுக்கே அவை லயத்து வாசலுக்கு ஓடி வரும். அதைக் கண்டு நம் பெண்கள் காயும் துணியை எடுத்துவிடுவார்கள்.

சென்ற மாதம் நடந்ததைக் கேளுங்கள். 'ஏழு நாளில் ஆடுகளை அப்புறப்படுத்த வேண்டும்' என்று நிர்வாகம் உத்தரவிட்டது. கிராணி வேலையில் இருப்பவர்கள் நாம். எழுதியதும் நாமே, மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சிப் பலகையில் ஒட்டியதும் நாமே. மாலையில் போய்ப் பார்த்தால் உத்தரவைக் காணோம்! பலகையில் ஒரு மூலைத் தாள்தான் மிச்சம். கீழே ஒரு கறுப்புக் கிடா, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. தனக்கு வந்த நோட்டீசைத் தானே நேரில் பெற்றுக்கொண்டது! கூழின் ருசி அதைக் கூப்பிட்டிருக்கிறது. மேல்வாயில் முன்பல் இல்லாத பிராணிதான். ஆனாலும் உதட்டாலும் நாக்காலும் வளைத்துப் பிடித்து உரித்துவிடும்.

தோழர்களே, அந்த வாய்தான் நமக்கு வம்பு. நிர்வாகத்தின் புகார் முழுப் பொய்யன்று. மறுநடவுக் காட்டில் ஆடு புகுந்தால், பின்னங்காலில் எழுந்து நின்று கொழுந்தைக் கிள்ளும். இளம் பட்டையையும் உரிக்கும். கன்று வெட்டுக்கு வர ஏறக்குறைய 6 ஆண்டு பிடிக்கிறது. நாளை நாம் பால் வெட்ட வேண்டிய மரம் அது. 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், 1980-ஆம் ஆண்டுகளில் ரப்பர் மரத்தடியில் களை மேயவிட்டு ஆராய்ந்தது செம்மறியை. வெள்ளாட்டின் குணம் வேறு.

ஆனால் 'ஆட்டை விற்றுவிடு' என்று ஒரே வாக்கில் சொல்லிவிடலாமா? மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அந்த நாளில் அடுப்பு எரிவது எதனால்? பெட்டை ஆடு 5 மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டி போடும். அதுதான் ஏழையின் சேமிப்பு. கணவரை இழந்த ஓர் அம்மாள், இரண்டு ஆடு விற்றுத்தான் மகளை இடைநிலைப் பள்ளியில் சேர்த்தார். உத்தரவு வந்த மறுநாள், ஆட்டுக் கயிற்றைக் கையில் பிடித்தபடி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "கிராணி ஐயா, ஒட்டினது உங்க கைதானே?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இன்று நம்மை இங்கே நிறுத்தியிருக்கிறது.

ஆகவே இக்கூட்டத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, லயத்துக்குப் பின்னால் தரையிலிருந்து உயர்த்திய பொதுப் பட்டி ஒன்றை நாமே கட்டுவோம். மரமும் ஓலையும் நம் உழைப்பு. பழைய வேலிக் கம்பியை நிர்வாகம் கொடுக்கட்டும். இரண்டு, லயத்துக்கு ஒருவராக முறைவைத்து மேய்ப்போம். மறுநடவுப் பக்கம் ஓர் ஆடும் போகக் கூடாது. மூன்று, கன்று அழிந்தால், நம் குழுவும் நிர்வாகமும் சேர்ந்து பார்த்து, ஆட்டுக்காரர் ஈடு கொடுக்கட்டும். அதற்காக ஏழு நாள் தவணையை இரண்டு மாதமாக நீட்டக் கேட்போம்.

நம் தவற்றை ஒப்புக்கொண்டு, நம் பொறுப்பை ஏற்றுக்கொண்டு கேட்கும் கோரிக்கை இது. ஆட்டுக்காரர் தனித்தனியாகப் போய்க் கெஞ்சினால் ஆளுக்கொரு பதில் வரும். எல்லாரும் சேர்ந்து கேட்டால் ஒரே பதில்தான் வர முடியும்.

தீர்மானம் நிறைவேறினால் அதையும் நம் கையாலேயே எழுதிப் பலகையில் போடுவோம். இம்முறை கூழ் வேண்டாம் தோழர்களே, ஆணி அடிப்போம்!